ஐடாம்மா அடித்த ஆணி

ஐடாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவர் குரலைத்தான் சொல்வார்கள். தங்கச் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் ஸ்கெலட்டன் லைனின் ஒரு முனையில் நின்று அவர் கூப்பிட்டால் மறுமுனையில் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். நானும் அதே லைனில் குடியிருந்தவன். சுரங்கத்து மரப்பட்டறையில் தச்சு வேலை. பகலெல்லாம் ரம்பச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் ஐடாவின் சத்தம். இரண்டில் எது தேவலை என்று என் மனைவி கேட்பாள். நான் பதில் சொல்வதில்லை.

ஐடாவின் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஐடா பிறந்தது, வளர்ந்தது, ஆபிரகாமைக் கட்டிக்கொண்டது எல்லாம் இந்தச் சுரங்க மேட்டில்தான். ஆபிரகாம் கீழே பாறை துளைக்கும் வேலையில் இருந்தார். எங்கள் சுரங்கங்களில் ஆழம் போகப் போகப் பாறை தன் பாட்டுக்கு வெடிக்கும். வெடித்தால் மேலே வீடுகளில் பாத்திரம் உருளும். உருண்டால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு லைனே சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலுக்கு ஓடும். அங்கேதான் டோக்கன் ஆபீஸ். கீழே இறங்குகிறவன் பலகை ஆணியில் தொங்கும் தன் பித்தளை டோக்கனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஆளைக் கீழே இறக்கும் கூண்டான கேஜில் ஏறுவான். மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான். அது பழையபடி ஆணிக்குப் போகும். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதின பிறகும் ஓர் ஆணி வெறுமையாக இருந்தால் அந்த ஆள் மேலே வரவில்லை என்று அர்த்தம். ஐம்பத்தொன்றில் ஒரு நாள் ஆபிரகாமின் ஆணி வெறுமையாக இருந்தது. மறுநாளும் அப்படியே இருந்தது. அதற்கும் மறுநாள்தான் ஆளை வெளியே கொண்டுவந்தார்கள். அதுவரை ஐடா அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாராம். தண்ணீர் கொடுத்தாலும் வாங்கவில்லையாம். அவர் வாயால் இதை நான் கேட்டதில்லை. ஊர் சொல்லித்தான் தெரியும்.

பிறகு மிஷன்காரர்கள் நடத்திய இல்லம் ஒன்றில் ஆயாவாகச் சேர்ந்தார். சுரங்கத்தில் கை கால் போனவர்கள், கண் போனவர்கள், அவர்களில் வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாதவர்கள் அங்கே இருந்தார்கள். நாங்கள் அதை ஹோம் என்போம். அதற்கு சூப்பிரண்டு கொர்னேலியஸ். நல்ல மனிதர். சாப்பாட்டில் கல் இருந்தால் சமையல்காரனைக் கூப்பிட்டு அதையே தின்னச் சொல்வார். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார். சாவி அவர் இடுப்பில் இருக்கும். உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்ற பயம் அந்த மனிதருக்குக் காய்ச்சல் போல எப்போதும் இருந்தது. ஐடாவுக்கும் அதே காய்ச்சல்தான். அதனால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

அந்த ஹோமில் இருந்தவர்களில் ஒருவர் சித்தார்த்தன். எங்கள் ஊர் பௌத்தக் குடும்பம். அப்பா அம்மா இல்லை. அண்ணன் பெங்களூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். ஐம்பத்தெட்டில் ஒரு பாறை வெடிப்பில் சித்தார்த்தனுக்கு இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலே போய்விட்டன. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அடிபட்ட அன்று சட்டைப் பையில் இருந்த டோக்கன் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து ஹோமுக்கும் வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. “டோக்கன் ஆபீசைக் கேட்டா நான் இன்னும் கீழதான் கீறேன்” என்று சொல்லிச் சிரிப்பார். கூட இருப்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

ஹோமுக்கு வந்து ஆறு வருஷம் ஆன பிறகு ஒரு நாள் ஐடா சாப்பாட்டுத் தட்டை வைத்தபோது சித்தார்த்தன் சொன்னார்:

“அக்கா, எனக்கு இப்போ பசிக்கல. அப்பால சாப்பிடறேன்.”

“அப்பால சாப்பிட இது இன்னா உன் மாமியார் வூடா? கிச்சனப் பூட்டிடுவாங்க. சாப்புடு.”

“அதான் கேக்கறேன். பசிக்கறப்ப சாப்பிடற மாதிரி எனக்கு ஒரு எடம் பாத்துக் குடு. நான் தனியா இருந்துக்கறேன்.”

ஐடா அந்த வாரம் முழுக்க அவரைத் திட்டினார். திமிர் என்றார், புத்தி கெட்டுப்போச்சு என்றார். தட்டை வைக்கிற சத்தத்திலேயே கோபம் தெரிந்ததாம். அப்புறம் ஒரு காலையில் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது ஐடாவின் கை பாதியில் நின்றது. கை இரண்டும் நன்றாக இருக்கிற ஆண்பிள்ளை. தொரப்பணத்தைப் பிடித்துப் பாறை துளைத்த கைகள். அவர் மோவாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தான் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆறு வருஷமாக இப்படி. “எனக்கே வெக்கமாப் போச்சு” என்று என் மனைவியிடம் வந்து சொன்னார். மீதிப் பொத்தானை நீயே போட்டுக்கொள் என்று விட்டுவிட்டு எழுந்து போனாராம்.

ஐடா ஒரு காரியத்தில் இறங்கினால் எதிரே நிற்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். யூனியன் ஆபீசுக்குப் போனார், நலத்துறை ஆபீசுக்குப் போனார், ஒவ்வொரு இடத்திலும் அந்தக் குரலில் பேசினார். எங்கள் லைனின் கடைசியில் ஒரு வீடு காலியாகக் கிடந்தது. தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டுப் புழுதி காற்றில் நேராக வந்து விழுகிற வீடு. யாருக்கும் வேண்டாம் என்பதால் சுலபமாகக் கிடைத்தது. கொர்னேலியஸைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. கடைசியில் அவர் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார். ஈஸ்டர் வரைக்கும் ஹோமில் சித்தார்த்தன் கட்டில் காலியாகவே இருக்கும். அதற்குள் ஏதாவது ஆனால் மறு பேச்சில்லாமல் திரும்பி வந்துவிட வேண்டும்.

வீட்டை ஒழுங்குபடுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. கூலி கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. வாசல்படியை எடுத்துவிட்டுப் பலகைச் சரிவு போட்டேன். அலமாரித் தட்டுகளைத் தரையோடு இறக்கினேன். லைனுக்குப் பொதுக் கக்கூஸ்தான். அதற்கு அவர் போய்வர முடியாது என்று கொல்லையில் தட்டி கட்டி, உட்கார மணை செய்து வைத்தேன். கதவின் தாழ்ப்பாள் எட்டாது என்பதால் அதைக் கீழே இறக்கி, ஒரு துளை போட்டு, வெளியிலிருந்தும் கயிற்றை இழுத்துத் தாழ் போடும்படி செய்தேன். ஒர்க்‌ஷாப்காரர்கள் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று செய்து கொடுத்தார்கள். அதற்குள் ஐடா ஹோமின் பின்கட்டில் வைத்து அவருக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் சோறு கரிந்தது. மறுநாள் ஐடாவே கரியவிட்டார். பேசிக்கொண்டே இருந்ததில் அடுப்பைக் கவனிக்கவில்லை.

அறுபத்து நாலு அக்டோபரில் சித்தார்த்தன் குடிவந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், அந்த டோக்கன். பம்ப் ஸ்டவ் ரிப்பேர் செய்வதைத் தொழிலாக வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சாரதா குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, அவள் புருஷன் சின்னசாமி வாரத்துக்கொரு தடவை விறகு பிளந்து போடுவது என்று ஏற்பாடு. எல்லாம் முடிந்த பிறகு ஐடா வாசல் கதவில் ஓர் ஆணியைத் தானே அடித்தார். சுத்தியல் பிடிக்கத் தெரியாமல் விரலில் ஒரு அடி போட்டுக்கொண்டார்.

“தெனம் காலையில சங்கு ஊதறதுக்குள்ள டோக்கன இந்த ஆணியில மாட்டிடணும். பொழுது சாஞ்சா உள்ள எடுத்துக்க. டோக்கன் தொங்குச்சின்னா நீ நல்லா கீறேன்னு லைனுக்குத் தெரியும். தொங்கலன்னா நாங்க வருவோம்.”

லைனுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தைக்கும் புரிந்துவிட்டது. சித்தார்த்தன் மட்டும் ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரிக்கா” என்றார்.

எங்கள் ஜனங்கள் உதவி செய்ய ஆரம்பித்தால் தாங்க முடியாது. காலையில் ஒரு வீட்டு இட்லி, மத்தியானம் இன்னொரு வீட்டுக் குழம்பு, ராத்திரிக்கு மூன்று வீட்டுக் கிண்ணங்கள். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அவர் உட்கார்ந்திருக்கும்போதே அவரைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவார்கள். ஸ்டவ் ரிப்பேருக்குக் கொண்டுவந்த கிழவிகள்கூட அவர் தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். ஐடா டியூட்டிக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை வந்து பானைகளைத் திறந்து பார்ப்பார். கற்றுக்கொண்ட சமையலைச் செய்யச் சித்தார்த்தனுக்கு ஒரு வேளைகூட வாய்க்கவில்லை. எனக்கு இது அப்போதே ஒரு மாதிரியாகத்தான் பட்டது. ஆனால் என் மனைவியும் கிண்ணம் அனுப்பிக்கொண்டிருந்தாள், அதனால் பேசாமல் இருந்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் மனைவியும் குப்பம் ஊருக்கு ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு மத்தியானத்துக்கு முன்னால் திரும்பிவிட்டோம். அதற்கு முன் நடந்தது சாரதா சொல்லித்தான் தெரியும்.

காலையில் நல்ல பனி. சங்கு ஊதிற்று. ஆணியில் டோக்கன் இல்லை. சாரதா கூப்பிட்டுப் பார்த்தாள், சத்தமில்லை. கதவைத் தள்ளினாள், உள்தாழ். கயிற்றால் வெளியிலிருந்தும் தாழ் போடலாம் என்பது நான் செய்த வேலை. அது ஞாபகத்துக்கு வர நான் அங்கே இல்லை. சின்னசாமி கடப்பாறையைக் கொண்டுவந்தான். கீழே ஆள் மாட்டிக்கொண்டால் எப்படி வேலை செய்வார்களோ அந்த வேகத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து கதவைப் பெயர்த்துப் போட்டார்கள். உள்ளே ஆளில்லை. வண்டியும் இல்லை. உடனே, வண்டியோடு போய்ப் பழைய கைவிட்ட குழி எதிலோ விழுந்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். கடைக்குப் போயிருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காலில்லாதவர் கடைக்குப் போவார் என்று நினைத்து எங்கள் லைனுக்குப் பழக்கமில்லை. ஒரு கூட்டம் கயிற்றை எடுத்துக்கொண்டு குழிகளைப் பார்க்கப் போயிற்று. சாரதா தலைவிரி கோலமாக உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஹோமுக்கு ஆள் ஓடி ஐடாவைக் கூட்டிவந்தார்கள்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது கதவு தரையில் கிடந்தது. அதன்மேல் ஆணி அப்படியே இருந்தது. ஐடா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை. என் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். வாங்கவில்லை. அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. 

அந்த நேரத்தில் ராபர்ட்சன்பேட்டை ரோட்டிலிருந்து வண்டி திரும்பிற்று. சித்தார்த்தன் வியர்க்க வியர்க்கக் கையால் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தார். மடியில் மந்தார இலையில் கட்டின பொட்டலம். கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்.

“இன்னா கூட்டம்? யாரு செத்தது?”

 சாரதா அழுகையைப் பாதியில் நிறுத்திக் கூந்தலை முடிந்துகொண்டாள். சித்தார்த்தன் பொட்டலத்தைக் காட்டி, “தலைக்கறி. லேட்டாப் போனா நல்லது கெடைக்காதுன்னு விடியறதுக்கு முந்தியே போனேன். கடையில ஒரே கூட்டம்” என்றார். அப்புறம்தான் தன் கதவைப் பார்த்தார்.

“டோக்கன் எங்கடா?” என்றார் ஐடா. குரல் வந்துவிட்டது.

சித்தார்த்தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வெளியே கிளம்பும்போது டோக்கனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். வேலைக்குப் போன காலமெல்லாம் செய்தது. கை தானாகச் செய்துவிட்டது. எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். போகிறவன் டோக்கனோடு போவான், வந்தபின் மாட்டுவான்.

“சொல்லிட்டுப் போனா இன்னா? வாய் இல்ல உனக்கு? நான் அங்கேர்ந்து எப்படி ஓடியாந்தேன்னு தெரியுமா? கெணறு குழியெல்லாம் தேடறாங்க. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா கொறஞ்சா பூடுவ?”

சித்தார்த்தன் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். ஐடா மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்:

“அக்கா, நீ மார்க்கெட் போறப்ப வாசல்ல இன்னா மாட்டிட்டுப் போற?”

 சித்தார்த்தன் கறிப் பொட்டலத்தோடு வண்டியை விட்டு இறங்கி, கதவில்லாத வாசல் வழியாகக் கைகளை ஊன்றி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். அன்று அவர் வீட்டிலிருந்து வந்த மசாலா வாசனை லைன் முழுக்க இருந்தது. ஒருவரும் கிண்ணம் கொண்டுபோகவில்லை, வெட்கம்தான் காரணம்.

மறுநாள் கொர்னேலியஸ் வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? கதவு இருந்த இடத்தில் நின்றுகொண்டு வீட்டைச் சுற்றும் முற்றும் பார்த்தார். சித்தார்த்தனிடம் ஒன்றும் பேசவில்லை. ஐடாவிடம்தான் பேசினார்.

“ஐடாம்மா, நான் கெட்டவன் இல்ல. ஈஸ்டர் வரைக்கும்னு சொன்னேன், அதுவரைக்கும் பாக்கறேன். ஆனா இன்னொரு தடவ இவர் எங்க போனார்னு யாருக்கும் தெரியாம இருந்துச்சுன்னா, அன்னிக்கே கூட்டிட்டுப் போய்டுவேன். அப்புறம் நீங்க என்கிட்ட வந்து சத்தம் போடக்கூடாது.”

“சரி சார்” என்றார் ஐடா.

ஐடா சித்தார்த்தனிடம் போய், இனிமேல் எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போ என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். அவர் அதைச் செய்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். மூன்று நாள் யாரோடும் பேசாமல் டியூட்டிக்குப் போய்வந்தார். நாலாம் நாள் என் பட்டறைக்கே வந்துவிட்டார்.

“மேஸ்திரி, கதவு செஞ்சாச்சா?”

“ஆச்சு. ஆணிய எங்க அடிக்கட்டும்?”

“உள்பக்கமா அடி. அவர் கைக்கு எட்டற மாதிரி. வெளிய வேணாம்.”

“அப்ப லைனுக்கு எப்படித் தெரியும்?”

“லைனுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்?” என்று என்மேல் பாய்ந்தார். அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார்: “அந்த ஆணி அவருக்காக அடிச்சது இல்ல மேஸ்திரி. எனக்காக அடிச்சிக்கினேன்.”

 ஆபிரகாம் பெயரை இருவரும் எடுக்கவில்லை.

கதவில் கீழே ஒரு பூட்டு வைத்தோம். இரண்டு சாவி வந்தது. இரண்டையும் ஐடா சித்தார்த்தன் கையில் கொடுத்தார். ஒன்றை அவர் தன்னிடமே திருப்பிக் கொடுப்பார் என்று ஐடா நினைத்திருக்க வேண்டும், முகத்தில் தெரிந்தது. சித்தார்த்தன் இன்னொன்றைச் சாரதாவிடம் கொடுத்துவிட்டார். “அடுத்த தடவ கடப்பாற வேணாம்” என்றார். ஐடாவுக்கு அது உறைத்தது.  சுவரில் ஒரு துளை போட்டு, சாரதா வீட்டுப் பக்கம் ஒரு மணியும் இந்தப் பக்கம் கயிறும் கட்டினேன். கேஜுக்கு மணி அடிப்பது போல, ஆள் வேண்டுமானால் இவர் கயிற்றை இழுக்க வேண்டும். பிறகு ஐடா குழாயடியில் நின்று லைன் முழுவதற்கும் கேட்கிற மாதிரி உத்தரவு போட்டார். மணி அடித்தால் ஓடு. அடிக்காவிட்டால் உன் வேலையைப் பார். கிண்ணம் கொடுக்க ஆசையாக இருந்தால் முதலில் கதவைத் தட்டு, வேண்டாம் என்றால் திருப்பிக் கொண்டுபோ.

லைன் பழகிக்கொண்டது. பழக முடியாமல் தவித்தவர் ஐடாதான். டியூட்டியிலிருந்து வரும்போது அந்தக் கடைசி வீடு வரைக்கும் நடந்து போவார், கதவுக்கு முன்னால் நிற்பார், கையைத் தட்டுவதற்குத் தூக்குவார், திரும்பி வந்துவிடுவார். வீட்டுக்கு வந்து எங்கள் மேல் எரிந்து விழுவார். வெளியே பூட்டு தொங்கினால் அன்றைக்கு இன்னும் மோசம். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, தண்ணீர் நிரம்பி வழிவது தெரியாமல் ரோட்டையே பார்ப்பார். வண்டிச் சக்கரம் கண்ணில் பட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு, அவரைப் பார்க்காதது போல உள்ளே போய்விடுவார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தடவைகூட எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அவர் சுபாவத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கொர்னேலியஸ் வந்தார். கட்டில் விஷயத்தை முடிக்க வேண்டும் அல்லவா? கடைசி வீட்டில் பூட்டுத் தொங்கியது. சித்தார்த்தன் காலையிலேயே போனவர், மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. கொர்னேலியஸ் கடிகாரத்தைப் பார்த்தார், லைனைப் பார்த்தார். நாங்கள் நாலைந்து பேர் கூடிவிட்டோம். ஐடா வீட்டிலிருந்து வந்து அவர் எதிரே நின்றார்.

“எங்க போயிருக்கார்?” என்று கேட்டார் கொர்னேலியஸ்.

சின்னசாமி முந்திக்கொண்டான். “மார்க்கெட்டுக்கு சார். இப்பதான் போனாரு.” அதே மூச்சில் சாரதா, “ஆஸ்பத்திரிக்கு சார், காலையில சொல்லிட்டுத்தான் போனாரு” என்றாள். சொன்ன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொர்னேலியஸ் இருவரையும் விட்டுவிட்டு ஐடா பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க. உங்ககிட்ட சொல்லியிருப்பார்.”

ஒரு பொய் போதும். ஐடா மார்க்கெட் என்றால் மார்க்கெட்தான், கொர்னேலியஸ் நம்பியிருப்பார். அத்தனை வருஷத்தில் ஐடா அவரிடம் பொய் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். 

“தெரியாது சார்” என்றார் ஐடா.

“உங்களுக்குமா தெரியாது?”

“தெரியாது சார். அவரு சொல்லல. நான் கேக்கல.”

“அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?”

“அவருதான் சார். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பொறுப்பு. அதுமாதிரிதான்.” பிறகு, “எனக்குப் பயமா இல்லன்னு நெனைக்காதீங்க சார். காலையிலேர்ந்து வயித்துல ஒண்ணும் எறங்கல” என்றார்.

 கொர்னேலியஸ் போய்விடவில்லை. கடைசியில் நான் போட்ட பலகைச் சரிவின் ஓரத்தில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். “வரட்டும்” என்றார். என்ன முடிவோடு உட்கார்ந்தார் என்று சொல்ல முடியவில்லை. ஐடா சற்றுத் தள்ளி நின்றார். நாங்களும் போக மனமில்லாமல் நின்றோம். சயனைடு மேட்டின் நிழல் நீண்டு லைன் மேல் விழுந்த நேரத்தில் வண்டி வந்தது.

சித்தார்த்தன் களைத்துப் போயிருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. சூப்பிரண்டைப் பார்த்துக் கும்பிட்டார். எங்கே போனேன், ஏன் நேரமாயிற்று என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தோம். அவர் வண்டியிலிருந்து இறங்கினார், சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார், கதவைத் தள்ளினார், டோக்கனைப் பையிலிருந்து எடுத்து உள்பக்க ஆணியில் மாட்டினார். ஹோமில் கொர்னேலியஸ் எந்த அறைக்குள்ளும் கேட்டுவிட்டு நுழைந்ததில்லை. இங்கே அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க சார், உள்ள வாங்க. டீ போடறேன்” என்றார் சித்தார்த்தன்.

அப்புறம்தான் கொர்னேலியஸ் உள்ளே போனார். தரையில் பாய்மேல் உட்கார்ந்து டீயைக் குடித்தார். கிளம்பும்போது, “கட்டிலை வேற ஒருத்தருக்குக் குடுத்துடறேன்” என்று ஐடாவிடம் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார்.

அடுத்த சில வருஷங்களில் ஹோமிலிருந்து இன்னும் சிலர் இப்படி வெளியே வந்தார்கள். கண் தெரியாத ஏனோக் எங்கள் லைனுக்கே வந்தார். ஐடா ஒவ்வொருவருக்கும் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தார், திட்டினார், வீடு பார்த்தார். நான் கூலியில்லாமல் அலமாரி இறக்கினேன். ஆணி அடிக்கச் சொல்லவே இல்லை. எழுபத்து நாலில் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அவருக்கு இதே வேலைதான்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கொர்னேலியஸ் போன பிறகு வண்டியை உள்ளே ஏற்ற நான் ஒரு கை கொடுத்தேன். மூன்று சக்கரத்திலும் ஈரக் களிமண் அப்பியிருந்தது. ஏரிக்கரைக் களிமண். எங்கள் மேட்டில் ஏரி ஏது? அந்த மண் வேண்டுமானால் ஐந்தாறு மைல் தள்ளி இருக்கும் பேத்தமங்கலம் ஏரி வரைக்கும் போக வேண்டும்; இரண்டு கையால் வண்டியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். நான் பார்த்தேன், ஐடாவும் குனிந்து பார்த்தார். எங்கே போனாய் என்று இப்போது கேட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கொல்லைக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரும் பழந்துணியும் கொண்டுவந்து சித்தார்த்தன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். “மண்ணு காயறதுக்குள்ள தொடச்சிக்க” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்.